பரிசு மேடையும் தொழில் மேடையும்: ஐரிஷ் நடனத்தில் பெற்றோர் துணை

ஆர்தர் யங் என்னும் ஆங்கிலேயர் அயர்லாந்து தேசத்தைச் சுற்றிப் பார்த்து 1780-ஆம் ஆண்டில் வெளியிட்ட யாத்திரை நூலிலே, அந்நாட்டு ஏழை மக்களைப் பற்றிச் சொல்லிவருமிடத்தில், ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். குடிசைக்குக் குடிசை நடனம் பரவியிருந்தது என்றும், அந்த ஏழைகளின் வகுப்பிலேயே பிறந்த நடன ஆசிரியர்கள், பைப் வாத்தியக்காரர் ஒருவரையோ கண்ணிழந்த பிடில்காரர் ஒருவரையோ உடன் அழைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கற்பித்துவந்தார்கள் என்றும், அதற்கு அவர்கள் பெற்ற கூலி மூன்று மாதத்துக்கு ஆறு பென்ஸ் என்றும் அவர் எழுதுகிறார். உருளைக்கிழங்கையும் மோரையும் நம்பி உயிர் வாழ்ந்த குடும்பங்கள் அந்த ஆறு பென்ஸை எப்படியோ தேடிக் கொடுத்தன. ஆகவே ஐரிஷ் நடனத்தில் பெற்றோரின் துணை என்பது நேற்று முளைத்த விஷயமன்று. ஆயினும், நடன ஆசிரியனாகவே ஊர் சுற்றப் புறப்பட்ட ஒரு சிலர் நீங்கலாக, பிள்ளை ஆடிப் பிழைக்குமா என்ற கேள்வி அந்தத் தாய் தந்தையருக்கு எழவில்லை. வாழ்வுக்கு ஒரு சந்தோஷமாகவும் சபையில் நிமிர்ந்து நிற்பதற்கு ஒரு பயிற்சியாகவும் நடனம் இருந்ததே ஒழிய, ஜீவனோபாயமாக அதை யாரும் எண்ணியதில்லை. போட்டி மேடையில் வளர்ந்த பிள்ளையைத் தொழில் மேடைக்கு அனுப்பலாமா, அனுப்புவதானால் எவ்விதம் துணை நிற்பது என்று பெற்றோர் யோசிக்கத் தொடங்கி இன்னும் நாற்பது ஆண்டுகூட நிறையவில்லை. அந்த யோசனையின் பல பக்கங்களையும் இங்கே பரிசீலிக்க விரும்புகிறேன்.

போட்டி என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1893-ல் தோன்றிய கேலிக் லீக் என்னும் ஸ்தாபனம், ஆங்கில ஆட்சியின் கீழ் நலிந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியையும் கலைகளையும் மீட்கும் லட்சியத்தோடு பாடுபட்டபோது, ஃபெஷ் எனப்படும் கலைவிழாக்கள் நாடெங்கும் பெருகின. அவற்றிலே நடனமும் ஒரு போட்டிப் பொருளாயிற்று. 1930-ஐ ஒட்டி, ஆசிரியர்களையும் நடுவர்களையும் விதிகளையும் ஒழுங்குபடுத்த ஐரிஷ் நடன ஆணையம் ஏற்பட்டது. 1970-ல் டப்ளின் நகரில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. பஞ்சத்தாலும் வேலையின்மையாலும் கடல் கடந்து போன ஐரிஷ் மக்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த நடனத்தை விடாமல் போற்றி வந்தமையால், அப்போட்டி 2002-ல் கிளாஸ்கோ நகருக்கும் 2009-ல் பிலடெல்பியாவுக்கும் போகும் அளவுக்கு விரிந்தது.

இத்தனை பெரிய ஏற்பாட்டில், வென்றவர்கள் போய்ச் சேர்வதற்கு ஓர் இடம் மட்டும் நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. உலகப் பட்டம் பெற்றவர், ஆணையத்தின் பரீட்சையில் தேறி ஆசிரியராகலாம். அதற்குமேல் வழி கிடையாது. கெர்ரி வட்டாரத்தில் ட்ரலீ ஊரை மையமாகக் கொண்டு 1974-ல் உருவான ஷீம்சா டீரே என்ற நாட்டார் நாடக மன்றமும், தி சீஃப்டன்ஸ் போன்ற இசைக்குழுக்கள் கச்சேரிகளின் நடுவே நடனக்காரர்களை அழைத்து ஆடச் செய்த சந்தர்ப்பங்களும் ஏதோ சில விதிவிலக்குகள். சிகாகோவில் வளர்ந்த மைக்கேல் ஃபிளாட்லி பதினொரு வயதில்தான் முறையாக நடனம் கற்கத் தொடங்கினார். 1975-ல், உலகப் பட்டம் வென்ற முதல் அமெரிக்கர் என்ற பெயரையும் பெற்றார். அந்தப் பட்டத்துக்கும், உலகம் முழுவதும் அவர் பெயரை அறிந்த இரவுக்கும் இடையே 19 ஆண்டுகள் கிடந்தன. அந்த இடைவெளியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அவ்வளவு பெரிய திறமையே அத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்ததென்றால், சாதாரணத் திறமையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அக்காலத்தில் மேடை வாழ்வைப் பற்றிக் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள் அல்லவா?

1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் பாயிண்ட் அரங்கில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில், பில் வீலன் இசையமைக்க, ஃபிளாட்லியும் நியூயார்க்கில் வளர்ந்த ஜீன் பட்லரும் முன்னின்று ஆட, அவர்களுக்குப் பின்னே பெரியதொரு கூட்டம் ஒரே வரிசையாய்த் திரண்டு வந்து தரையை அதிரச் செய்த ஏழு நிமிஷங்கள், இந்த நிலைமையை அடியோடு மாற்றின. மோயா டோஹர்ட்டியும் ஜான் மக்கோல்கனும் சேர்ந்து அதை முழுநீள நிகழ்ச்சியாக்கி 1995 பிப்ரவரியில் அதே அரங்கில் மேடையேற்றினார்கள். அதுதான் ரிவர்டான்ஸ். ஃபிளாட்லி பிரிந்துபோய், அடுத்த ஆண்டிலேயே லார்ட் ஆஃப் த டான்ஸ் என்ற தம் சொந்த நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஒரே காலத்தில் பல கண்டங்களில் ஆடுவதற்காக ரிவர்டான்ஸ் பல குழுக்களாகப் பிரிந்து, லிஃபி, லீ, லாகன் என்று அயர்லாந்தின் ஆறுகளின் பெயர்களைச் சூட்டிக்கொண்டது. சம்பளம் வாங்கி ஆடும் ஐரிஷ் நடனக்காரர் என்ற புதிய வகுப்பு இவ்வாறு உண்டாயிற்று. அவரோடுகூட, பிள்ளையை அந்த வகுப்பில் சேர்த்துவிட ஆசைப்படும் பெற்றோரும் உண்டானார்கள்.

இந்த ஆசையை ஆராயும்போது, போட்டிக் காலத்தில் பெற்றோருக்கு ஏற்படும் பயிற்சி எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை மட்டும் பயில்கிறது என்று நினைப்பது தவறு, பெற்றோரும் பயில்கிறார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து, ஓட்டல் மண்டபத்திலோ பள்ளிக்கூட அரங்கிலோ நடக்கும் ஃபெஷுக்குக் காரோட்டிப் போகிறார்கள். புடைப்பு நெசவுள்ள வெள்ளைக் காலுறை ஆட்டத்தின் நடுவே சரிந்துவிடாதபடி கெண்டைக்காலில் பசை தடவுகிறார்கள். சுருள் சுருளான டோப்பாவைப் பிள்ளையின் தலையில் வைத்து, அது இம்மியும் அசையாதவாறு ஊசிமேல் ஊசியாகக் குத்துகிறார்கள். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும். கல்லிழைத்த தனிநடன உடை ஒன்றுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் செலவாவது சாதாரணம். வளரும் பிள்ளைக்கு அது சீக்கிரத்திலேயே சிறுத்துப் போவதால், பழையதை விற்றுப் புதியது வாங்குவதே ஒரு தனி வியாபாரமாக நடக்கிறது. எண் அட்டையை இடுப்பில் கட்டி அனுப்பிவிட்டு, இரண்டு மூன்று பேராய் மேடையேறி அவரவர் அடவுகளை ஒரே சமயத்தில் ஆடும் பிள்ளைகளில், பெற்றோர் தம் பிள்ளையை மாத்திரமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து இப்படிப் பார்த்த கண்ணுக்கு, மற்றவர்கள் தெரிவதே அரிதாகிவிடுகிறது.

புள்ளி வழங்கும் முறையும் இந்தப் பழக்கத்துக்கு உரமிடுகிறது. ஒவ்வொரு நடுவரும் தாம் இட்ட மதிப்பெண்களைக் கொண்டு பிள்ளைகளை வரிசைப்படுத்தியதும், அவ்வரிசை வேறொரு கணக்காக மாற்றப்படுகிறது. முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 75, மூன்றாவதற்கு 65, நான்காவதற்கு 60, ஐந்தாவதற்கு 56. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள தூரம் 25 புள்ளி. நான்காமவருக்கும் ஐந்தாமவருக்கும் உள்ள தூரம் 4. ஆட்டத்திலுள்ள வித்தியாசம் அரைக்கால் மயிரிழையாக இருந்தாலும், முதலிடம் மற்றெல்லா இடங்களையும் விட்டு உயரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கணக்கிலே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊறிய தாய் தந்தையர், தனித்துத் தெரிவதே நடனம் என்று நம்பத் தொடங்கினால் அவர்களைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2022 அக்டோபரில், சில ஆசிரியர்களும் நடுவர்களும் முன்கூட்டியே பேசிக்கொண்டு முடிவுகளை மாற்றினார்கள் என்ற புகார்கள் வெளியாகி, ஓய்வு பெற்ற மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஒருவர் விசாரணைக்கு அமர்த்தப்பட்டபோது, ஐரிஷ் பத்திரிகைகள் அதைப் பெருஞ்செய்தியாக்கின. புகார்களின் உண்மை பொய் ஒருபுறமிருக்க, பரிசின்மேல் வைத்த நம்பிக்கை அசைந்தால் குடும்பங்களின் உள்ளம் எவ்வளவு ஆட்டங்காணும் என்பது அப்போது பிரத்தியட்சமாகத் தெரிந்தது.

தொழில் மேடை கேட்பது வேறொன்றை. அங்கே முப்பது பேர் தோளோடு தோள் நிற்க, முப்பது வலது கால்களும் ஒரே உயரத்தில் எழுந்து, அறுபது காலணிகளும் ஒரே ஓசையாக விழவேண்டும். அந்த வரிசையில் ஒருத்தி தனியாகத் தெரிந்தாளானால் அது அவளுடைய பிழை. போட்டியில், ஓசையெழுப்பும் கடினக் காலணியோடு ஆடப்படும் ஹார்ன்பைப்பும் ட்ரெபிள் ஜிக்கும் மிக நிதானமான காலப்பிரமாணத்தில் வாசிக்கப்படுகின்றன; அந்த விரிந்த இடைவெளிக்குள் எத்தனை தட்டுகளைச் செருகமுடியும் என்பதே அங்கே சாமர்த்தியம். நிகழ்ச்சியிலோ காலம் விரைவானது, தட்டுகள் குறைவு, அவற்றின் தெளிவும் ஒருமையுமே பெரிது. போட்டியில் கைகள் பக்கவாட்டில் இறுகிக் கிடக்கும், முகம் அசையாது. நிகழ்ச்சியில் கைகளுக்கு வேலை உண்டு. முகம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரோடும் பேசவேண்டும். டோப்பாவும் கல்லிழைத்த உடையும்கூட அந்த மேடைக்குத் தேவைப்படவில்லை. 1994-ல் ஜீன் பட்லர் தம் சொந்தக் கூந்தலோடும் எளிய குட்டை உடையோடும் வந்து ஆடியதை நினைத்துப் பாருங்கள். போட்டி உலகம் அதற்குப் பிறகு போன திசை அதற்கு நேர் எதிர். உலகப் போட்டியில் பரிசு மேடையேறி நின்ற பெண், முதல் ஒப்பந்தத்தில் பின்வரிசையில் நின்று ஆடுவது சர்வ சாதாரணம். பிள்ளைகளில் பலர் இதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். இத்தனை வருஷம் எதிராளிகளாக இருந்தவர்கள் திடீரென்று தோழிகளாகிவிடுவதில் அவர்களுக்கு ஒரு விடுதலையும் இருக்கிறது. சிரமப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோரே. தனித்துத் தெரிவதையே தேடிப் பழகிய கண், தன் பிள்ளை முப்பதில் ஒன்றாகக் கரைந்து நிற்பதைக் காணும்போது அதைத் தோல்வியாக எண்ணி மயங்குகிறது. இந்த மயக்கத்தைப் பிள்ளைக்குத் தொற்றவிடாமல் இருப்பதையே இக்கட்டத்தில் பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவியாக நான் கருதுகிறேன்; பணமும் காரும் அதற்குப் பின்னர்தான்.

நிகழ்ச்சிகளுக்கு ஆள் தேர்வு நடக்கும் முறையிலே ஒரு விசித்திரமான முடிச்சு உண்டு. போட்டிகளில் ஆட்டத்தைப் படமெடுப்பது கண்டிப்பாக விலக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் அடவுகளைத் தானே இயற்றிக்கொள்வதால், அவை பிறர் கைக்குப் போய்விடக்கூடாது என்ற எச்சரிக்கை ஆசிரியர்களுக்கு உண்டு. ஆகவே பிள்ளை ஆடியதைப் பத்து வருஷம் கண்ணால் கண்டிருந்தும், மேடையில் ஆடிய ஒரு காட்சிகூடப் பெற்றோர் கையில் இராது. நிகழ்ச்சி நடத்தும் கம்பெனிகளோ, பெரும்பாலும் முதற்படியாக ஒரு வீடியோவை அனுப்பச் சொல்கின்றன. அப்பொழுது வீட்டுக் கார்க் கொட்டகையில் ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டு, மகளை அதன்மேல் நிறுத்தி, தலை முதல் பாதம் வரை சட்டத்துக்குள் அடங்கும்படி தகப்பனார் கைப்பேசியைப் பிடிக்கிறார். பாதம் தெரியாமல் போனால் அந்தப் படத்தால் பயனில்லை. ஓசை பலகையில் மழுங்கினாலும் பயனில்லை. மெதுவான போட்டி அடவை அப்படியே ஆடி அனுப்பினால், இந்தப் பெண்ணுக்கு விரைந்த காலம் வருமா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. அதற்கும் முன்னதாக ஆசிரியரிடம் போய், அவர் இயற்றிய அடவுகளை இதற்கு உபயோகித்துக்கொள்ளலாமா என்று கேட்டு அனுமதி பெறுவது மரியாதை. அவ்வாறு கேட்கும் நாளன்றுதான், மாணவி வேறு இடத்துக்குப் போகப் பார்க்கிறாள் என்பதைச் சில ஆசிரியர்கள் முதன்முதலாக அறிகிறார்கள். பத்தாண்டு பழகிய உறவு அங்கே புளித்துப்போவதும் உண்டு. பெற்றோர் முந்திக்கொண்டு ஆசிரியரையே ஆலோசகராக்கிக்கொண்டால் இந்தக் கசப்பு பெரும்பாலும் நேராது; பழைய மாணவர்களில் யார் எந்தக் குழுவில் ஆடுகிறார்கள், எந்தக் குழு சம்பளத்தை நாள் தவறாமல் தருகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

உடம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஐரிஷ் நடனத்தில் ராக் என்று ஓர் அசைவு உண்டு. இரண்டு முன்பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க, குதிகால்கள் உயர்ந்து, கணுக்கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு இடமும் வலமுமாகச் சாய்ந்தாடும். பார்ப்பவருக்கு அது எலும்பில்லாத கால் செய்யும் வேடிக்கை போலத் தோன்றும். அந்த அசைவைக் கணினி மாதிரியில் ஆராய்ந்த நிபுணர்கள், அப்போது கணுக்கால் மூட்டின்மேல் விழும் பாரம் உடல் எடையைப்போலச் சுமார் 14 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணின் கணுக்காலில் எழுநூறு கிலோ! பலகைமேல் விரித்த ரப்பர் விரிப்பில் கொஞ்ச நேரம் ஆடுகிற போட்டியில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். வாரத்துக்கு எட்டு ஆட்டம், நடுவே இரவெல்லாம் பஸ்ஸில் பிரயாணம், காலையில் புது ஊரில் புது மேடை என்று மாதக்கணக்கில் ஓடும்போது, பாத எலும்புகளில் மயிர்க்கோடு போன்ற விரிசல்கள் விழுகின்றன. குதிகால் தசைநாண் வீங்குகிறது. அவ்வளவுக்கும் மேடையில் முகம் மலர்ந்திருக்க வேண்டும்.

வலியை மறைப்பதை ஒரு வீரமாகப் போட்டி உலகம் பழக்கிவிட்டிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய வருத்தம். மண்டபத்தின் ஓரத்தில் கணுக்காலில் பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய்ச் சிரித்துக்கொண்டே ஆடிவிட்டு வருவதை மற்றவர்கள் மெச்சுகிறார்கள், பெற்றோரும் மெச்சுகிறார்கள். பதினாறு வயதில் இந்தப் பாராட்டைப் பெற்றவள், இருபது வயதில் எங்கோ ஒரு தேசத்தில், தன்னிடத்தை மாற்று ஆள் பிடித்துக்கொள்வாளோ என்ற பயத்தில், முறிந்த எலும்போடும் ஆடத் துணிவாள். பெரிய கம்பெனிகள் இயன்முறை மருத்துவரைக் கூடவே அழைத்துப் போகின்றன. சிறிய குழுக்களுக்கு அந்த வசதி ஏது? ஆகையால் வலியை உள்ளபடி சொல்லும் பழக்கத்தையும், சொன்னால் வீட்டில் ஏச்சுக் கிடைக்காது என்ற தைரியத்தையும் பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே உண்டாக்கியாக வேண்டும். நடனத்தோடு வேறு தேகப்பயிற்சியும், வயிறார உணவும், வருஷத்தில் சில வாரங்களாவது முழு ஓய்வும் வேண்டுமென்று வற்புறுத்துவதும் பெற்றோரின் கடமையே. போட்டி நாள்காட்டி அந்த ஓய்வைத் தானாகத் தருவதில்லை.

இனி, படிப்பு. அபிப்பிராய பேதம் மிகுந்த இடம் இது. கல்லூரிப் பட்டத்தை முடித்துவிட்டுப் போகட்டும், நடனம் எங்கும் ஓடிப்போகாது என்பார் ஒரு சாரார். பட்டம் எந்த வயதிலும் வாங்கலாம், கால்கள் காத்திருக்கமாட்டா என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்று சொல்லி நழுவிவிட எனக்குச் சம்மதமில்லை. பதினெட்டு வயது முடிந்து, உடம்பு நலமாக இருந்து, நம்பத்தக்க கம்பெனி ஒன்று அழைத்தால், போகவிடுவதே சரி என்பது என் துணிபு. அயர்லாந்தில் பள்ளி இறுதித் தேர்வு ஜூன் மாதத்தில் முடிகிறது. டப்ளின் கெய்ட்டி அரங்கில் ரிவர்டான்ஸ் கோடைதோறும் நடந்துவருகிறது. பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை ஒரு வருஷத்துக்கு ஒத்திப்போட அந்நாட்டுச் சேர்க்கை முறையிலேயே வழி உண்டு. பொருத்தமான இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொண்ட பிள்ளைக்கு எந்தக் கதவும் அடைபடுவதில்லை. ஆனால் பள்ளிப் படிப்பையே பாதியில் நிறுத்துவது வேறு விஷயம். அதற்கு எந்த நிகழ்ச்சியும் ஈடாகாது. நடனத்தையே உயர்கல்வியாகப் படிக்கவும் இன்று இடமிருக்கிறது. மீஹால் ஓ சுலவான் 1994-ல் லிமெரிக் பல்கலைக்கழகத்தில் நிறுவிய உலக இசை, நடனக் கழகத்தில் ஐரிஷ் நடனத்துக்குப் பட்டப்படிப்பும் முதுகலைப் படிப்பும் உண்டு. போட்டியில் வென்றவர்கள் அங்கே வந்து, தாம் அதுவரை அறியாத பழைய வட்டார வழக்குகளையும் சுயமாக நடனம் அமைக்கும் வித்தையையும் கற்கிறார்கள்.

வருமானத்தைப் பற்றிப் பிரமை கூடாது. இத்தொழிலில் வேலை என்பது ஒரு சுற்றுப்பயணம் முடியும் வரைதான். அடுத்ததற்கு அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். இரண்டு பெரிய நிகழ்ச்சிகளைத் தவிர, ஐரோப்பாவிலும் சீனாவிலும் சுற்றும் நடுத்தரக் குழுக்கள், உல்லாசக் கப்பல்கள், வர்ஜீனியாவிலுள்ள புஷ் கார்டன்ஸ் போன்ற பொழுதுபோக்குப் பூங்காக்கள், டப்ளின் விடுதிகளில் சுற்றுலாப் பிரயாணிகளுக்காக நடக்கும் இரவு நிகழ்ச்சிகள் என்று பல படிகள் இருக்கின்றன. சிகாகோவில் மார்க் ஹவார்ட் 1990-ல் தொடங்கிய டிரினிட்டி ஐரிஷ் நடனக் குழு, ரிவர்டான்ஸுக்கும் முந்தியே, இந்நடனத்தைப் புதிய ஆக்கங்களுக்குரிய கலையாக மேடையேற்றியது. அதன் வழி வேறு. ஒப்பந்தத்தைக் கையெழுத்திடுமுன் வாசித்துப் பார்ப்பது பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களில் ஒன்று. ஒத்திகை நாட்களுக்குச் சம்பளம் உண்டா, அடிபட்டு ஆடமுடியாத வாரங்களுக்கு என்ன கிடைக்கும், வைத்தியச் செலவு யாருடையது, ஊர் திரும்ப விமான டிக்கெட் யார் எடுத்துத் தருவார்கள், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்ற கேள்விகளைப் பதினெட்டு வயதுப் பெண் கேட்கக் கூசுவாள். கேட்கலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அவளே கேட்பாள். 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது, ரிவர்டான்ஸின் 25-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணமே அமெரிக்காவில் பாதியில் நின்றது. தொழில் மேடை முழுவதும் இருண்ட அந்த மாதங்களில், நடனக்காரர்கள் பெட்டியோடு வந்து சேர்ந்த இடம் தாய் வீடுதான்.

அதே 2020-ல் வேறொரு கதவு திறந்தது. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரைச் சேர்ந்த மார்கன் புல்லக் என்னும் கறுப்பின இளம்பெண், தற்கால அமெரிக்கப் பாட்டு ஒன்றுக்குக் கடினக் காலணியோடு ஆடிய சிறு வீடியோ உலகெங்கும் பரவ, ரிவர்டான்ஸ் அவளை அழைத்தது. அயர்லாந்தோடு ரத்த சம்பந்தமில்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் இக்கலைக்குச் சொந்தக்காரர்களே என்பதற்கு அவள் ஒரு சாட்சி. அந்த வீடியோவுக்காக அவள் வாங்கிய வசைகளும் சில்லறையல்ல. வம்ச வழியாகக் கலை வராத வீடுகளில் பெற்றோருக்குள்ள பொறுப்பு இதனால் இரட்டிப்பாகிறது. நடனத்தின் நெளிவு சுளிவுகளைத் தாமே முதலிலிருந்து கற்கவேண்டும்; இது உனக்குரியதா என்று பிறர் கேட்கும்போது பிள்ளையின் பக்கம் நிற்கவும் வேண்டும்.

மறுமுனையில், பிள்ளையின் நடனத்துக்காக வாழ்க்கையையே பெயர்த்துக்கொண்டு போகும் குடும்பங்களும் உண்டு. 2010 கிளாஸ்கோ உலகப் போட்டியைப் பற்றி சூ போர்ன் எடுத்து 2011-ல் வெளிவந்த ஜிக் என்ற ஆவணப்படத்தில், மகன் சிறந்த ஆசிரியரிடம் பயிலவேண்டுமென்று கலிபோர்னியாவை விட்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வந்து குடியேறிய ஒரு குடும்பத்தைக் காண்கிறோம். அந்தத் தியாகத்தைப் பரிகசிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒருபோதும் பரிகாசமாகப் படவில்லை. ஆனாலும், இவ்வளவு பெரிய தியாகம் பிள்ளையின் தோளில் ஒரு கடனாக ஏறி உட்கார்ந்துவிடுமானால், ஆட்டத்தை நிறுத்த விரும்பும் நாளில் அவனால் வாய் திறக்கமுடியாமல் போய்விடும். தொழில் மேடையை ஒரு பருவம் ருசி பார்த்துவிட்டு, இது எனக்கு வேண்டாம் என்று திரும்பி வருவதற்குப் பிள்ளைக்குப் பூரண சுதந்திரம் இருக்கவேண்டும். அப்படித் திரும்பி வருபவர்கள் சிலரல்லர். இத்தனை செலவழித்தோமே என்ற ஒரு வாக்கியம் மாத்திரம் அந்த வீட்டில் கேட்கக்கூடாது.

மேடையில் கடினக் காலணி அணிந்து ஓடியாடும் காலம் பத்தாண்டு நீடித்தால் பெரிது. அதற்கு அப்பால் வந்து சேர்ந்தவர்களின் வரலாற்றைப் பிள்ளையோடு சேர்ந்து படிப்பது நல்லது. ஃபிளாட்லிக்குப் பதிலாக ரிவர்டான்ஸில் முன்னின்று ஆடிய காலின் டன், பிற்பாடு லிமெரிக்கில் தற்கால நடனம் பயின்று, 2008-ல் அவுட் ஆஃப் டைம் என்ற தனி ஆக்கத்தை மேடையேற்றினார். ஜீன் பட்லரும் அங்கேயே பயின்று, வேறு வகையான நடன ஆக்கங்களில் இறங்கினார். ரிவர்டான்ஸின் முதன்மை நடனக்காரராக இருந்த பிரெண்டன் டி கலாய், ஏரியூ என்ற சொந்தக் குழுவை அமைத்ததோடு ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். இவர்கள் மூவரும், பரிசுக் காலத்தில் கற்றதையும் வரிசைக் காலத்தில் கற்றதையும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றைத் தேடிப் போனவர்கள்.

மற்றப் பலருக்கு ஆசிரியத் தொழிலே புகலிடம். ஆணையத்தின் ஆசிரியர் பரீட்சை எளிதன்று. குழு நடனங்களைப் பற்றி எழுத்துத் தேர்வு, இசையறிவுத் தேர்வு, தாமே ஆடிக்காட்டும் தேர்வு, பிள்ளைகளுக்குக் கற்பித்துக்காட்டும் தேர்வு என்று அத்தனையும் தாண்டவேண்டும். அதில் தேறி ஆசிரியராகப் பதிவு செய்துகொண்டவர் அதன்பின் தனிநடனப் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. சுற்றுப்பயணத்தில் அலுத்துப்போய் இருபத்திரண்டு வயதில் வீடு திரும்பும் மகள், உடனே பரீட்சைக்கு விண்ணப்பம் போடட்டுமா என்று கேட்கும்போது, மறுபடி ஒருமுறை போட்டி மேடை ஏற அவளுக்கு ஆசையிருக்கிறதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆசையிருந்தால் ஒன்றிரண்டு வருஷம் பொறுத்திருக்கச் சொல்வதே தாய் தந்தையர் தரத்தக்க ஆலோசனை.